ஹிமேஜி கோட்டை: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் ஒசாகா கோட்டையைப் பார்த்துவிட்டு, கோட்டை பார்த்தாயிற்று என்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒசாகாவில் இன்று நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட்கூட உண்டு. நாகோயா கோபுரமும் 1959இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம்தான். 2018 முதல் அதற்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. பழைய காலத்து மரக் கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் ஜப்பான் முழுவதிலும் 12தான். அவற்றில் ஹிமேஜி, மத்சுமோதோ, இனுயாமா, ஹிகோனே, மத்சுஏ ஆகிய ஐந்தின் கோபுரங்கள் தேசியப் பொக்கிஷங்கள்.

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஹிமேஜிக்குப் போங்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் கோபுரம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஹிமேஜியிலோ கோபுரத்தை அடையும் வழியும் பிழைத்திருக்கிறது: வாசல்கள், மதில்கள், காவல் மாடங்கள் என்று 82 கட்டடங்கள். எதிரி எப்படித் திணறியிருப்பான் என்பதை நடந்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் பலர் வாசலில் நுழைந்ததும் உச்சித் தளத்தைக் குறிவைத்து விறுவிறுவென்று ஏறி, அங்கே ஒரு சிறு கோயிலும் நான்கு பக்க ஜன்னல்களும் மட்டும் இருப்பதைக் கண்டு ஏமாந்து இறங்குகிறார்கள். ஹிமேஜியில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் கோபுரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த நடைக்கே அதிக இடம் தருகிறது.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

1580 வாக்கில், பிற்பாடு ஜப்பானை ஒன்றுபடுத்திய படைத்தலைவர் தொயோதோமி ஹிதேயோஷி இங்கே மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டினார். 1600இல் செகிகஹாரா போர் முடிந்ததும் அதில் வென்ற தொகுகவா இஎயாசு தன் மருமகன் இகேதா தெருமாசாவுக்கு இந்தக் கோட்டையைக் கொடுத்தார். தெருமாசா 1601இல் தொடங்கி 1609இல் முடித்ததுதான் இன்றைய பெருங்கோபுரம். அடுத்து வந்த ஹோண்டா குடும்பம் மேற்கு வளாகத்தைச் சேர்த்தது.

இவ்வளவு அரண் இருந்தும் இந்தக் கோபுரம் ஒரு பெரும்போரையும் சந்தித்ததில்லை. 1945 ஜூலையில் ஹிமேஜி நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது கோபுரத்தின் உச்சியில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜப்பான் சார்பில் முதன்முதலாக இடம்பெற்றவற்றில் இதுவும் ஒன்று. 2009 முதல் 2015 வரை கூரையையும் சுண்ணாம்புப் பூச்சையும் புதுப்பித்தார்கள்.

எப்படிப் போவது

ஒசாகா ஸ்டேஷனிலிருந்து 'ஷின்கைசொகு' என்னும் விரைவு ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹிமேஜியில் இறக்கிவிடும். கட்டணம் சுமார் 1,500 யென். பகலில் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. இக்கோகா, சுய்க்கா போன்ற, பணம் ஏற்றிய பயண அட்டையைத் தட்டி ஏறினால் போதும், முன்பதிவு வேண்டாம். சில வண்டிகளில் 9ஆம் பெட்டி மட்டும் 'ஏ சீட்' எனப்படும் கட்டணப் பெட்டி. தெரியாமல் அதில் உட்கார்ந்தால் கூடுதல் பணம் கேட்பார்கள். கோபேயின் சன்னோமியாவிலிருந்து இதே வண்டியில் சுமார் 40 நிமிடம், கியோத்தோவிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் வந்தால் ஷின்-ஒசாகாவிலிருந்து சுமார் 30 நிமிடம்தான். கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். ஹிரோஷிமாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷின்கான்சென்தான் சரி, ஒரு மணி நேரம் ஆகும். எல்லா நொசோமி (மிக வேகமான ஷின்கான்சென்) வண்டிகளும் ஹிமேஜியில் நிற்பதில்லை என்பதால் ஏறுமுன் பலகையைப் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் பாஸ் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 'கன்சாய் ஏரியா பாஸ்' ஷின்கைசொகுவுக்குச் செல்லும், ஷின்கான்சென்னுக்குச் செல்லாது. 'கன்சாய் வைட் ஏரியா பாஸ்' ஷின்-ஒசாகாவுக்கும் ஒகயாமாவுக்கும் இடையே ஷின்கான்சென்னுக்கும் செல்லும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் மலிவானதை வாங்கிவிட்டு ஷின்கான்சென் கேட்டில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலை, பெட்டிகளை லாக்கரில் வைப்பது. சூட்கேஸோடு கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள். கூட்ட நாட்களில் பெரிய லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும். பிறகு வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் கோட்டை நேர் எதிரே தெரியும். ஓதேமாஏ சாலை வளைவே இல்லாமல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடி அங்கே முடிகிறது. நடந்தால் 15 முதல் 20 நிமிடம். பஸ் உண்டு, ஆனால் வெயில் கொளுத்தும் ஆகஸ்டைத் தவிர்த்து நடப்பதே நல்லது. கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதைப் பார்க்க இந்தச் சாலையைவிட நல்ல இடம் இல்லை.

நேரமும் கட்டணமும்

கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கும்; மாலை 5 மணிக்கு மூடும். உள்ளே விடுவது 4 மணிவரைதான். டிசம்பர் 29, 30 இரு நாளும் விடுமுறை. சிறப்பு நாட்களில் நேரம் மாறக்கூடும் என்பதால் முதல் நாள் இரவு கோட்டையின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் 2026 மார்ச் 1 முதல் உயர்ந்திருக்கிறது. ஹிமேஜி நகரவாசி அல்லாத, 18 வயது நிரம்பியவர்களுக்கு 2,500 யென். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பழைய பயணக் குறிப்புகளில் 1,000 யென் என்று இருப்பதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். அருகிலுள்ள கோகோ-என் தோட்டத்தையும் பார்ப்பதாக இருந்தால் இரண்டுக்குமான கூட்டு டிக்கெட்டை வாங்குங்கள், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு.

கோட்டைக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரத்திலும் முடிக்கலாம், ஆனால் மேற்கு வளாகம் விட்டுப்போகும். தோட்டத்துக்கு இன்னொரு மணி நேரம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஏறக்குறைய ஆயிரம் செர்ரி மரங்கள் பூக்கும்போதும், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறையிலும், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ஓபோன் நாட்களிலும் கூட்டம் தாங்காது. கோபுரத்தில் ஏற வரிசை எண் சீட்டு கொடுக்கும் அளவுக்குப் போகும். அந்த நாட்களில் 9 மணிக்கு முன்பே வாசலில் நில்லுங்கள். ஒசாகாவில் 7.30 மணி வாக்கில் ரயில் ஏறினால் சரியாக இருக்கும். அது வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கும் நேரம், நின்றபடி பயணம் செய்யத் தயாராக இருங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துச் செல்வது

கோபுரத்துக்குள் செருப்பு, ஷூ எதுவும் கூடாது. கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆகவே கழற்ற எளிதான காலணி நல்லது. காலுறை கட்டாயம் போடுங்கள். செருப்பு அணிந்து போகிறவர்கள் ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நானூறு ஆண்டுகளாகத் தேய்ந்த மரத்தளம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெறுங்காலுக்கு ஐஸ்போலச் சில்லிடும். மெல்லிய நைலான் காலுறை வழுக்கும், பருத்தியோ கம்பளியோ பரவாயில்லை.

படிகள் மிகச் செங்குத்தானவை, ஒவ்வொரு படியும் உயரம். புடவை, வேட்டி, நீளப் பாவாடை தடுக்கும். கால்சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போங்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும் என்பதால் காலணிப் பையை நுழைக்கும் அளவுக்கு இடமுள்ள சிறிய முதுகுப்பை உதவும். உள்ளே அதை மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவர்கள்மேல் இடிக்காது.

கோபுரத்தில் லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை, கழிப்பறை இல்லை. டிக்கெட் எடுக்குமுன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கோபுரத்தில் ஏறுவதை விட்டுவிடலாம். டிக்கெட் வாங்காமலே போகக்கூடிய சன்னோமாரு மைதானத்திலிருந்து கோபுரம் முழுசாகத் தெரியும். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல்கள் வழியே

அகழிமேல் உள்ள சகுரா-மோன் பாலத்தைத் தாண்டி ஓதே வாசலில் நுழைந்தால் சன்னோமாரு மைதானம். நேரே வடக்கே நடந்தால் டிக்கெட் கவுண்டர், அதைத் தாண்டியதும் ஹிஷி வாசல். இருக்கும் வாசல்களில் இதுதான் பெரியது. மேல்மாடத்தில் கருப்பு அரக்கும் பொன்னும் பூசிய வளைவு ஜன்னல்களைப் பாருங்கள். எதிரிக்கு எதிராக எழுப்பிய கட்டடம்தான், அதிலும் அழகை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் நகமுரா என்ற படை அதிகாரியின் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) கோட்டைகளை இடித்துக்கொண்டிருந்தபோது ஹிமேஜியையும் நாகோயாவையும் காப்பாற்ற வேண்டும் என்று 1878இல் மேலிடத்துக்கு எழுதியவர் அவர். பலர் நிற்காமல் கடந்துபோகும் இந்தக் கல்லுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

இங்கே பாதை பிரிகிறது. இடப்பக்கம் மேற்கு வளாகம், நேரே கோபுரம். காலையில் வந்தவர்கள் நேரே போங்கள். கோபுரப் படிகளில் 10 மணிக்குமேல் கூட்டம் சேரும். மேற்கு வளாகம் எப்போதும் காற்றாடக் கிடக்கும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் வந்தவர்கள் முதலில் மேற்கு வளாகத்துக்குப் போகலாம், ஆனால் கோபுர வரிசையில் 3 மணிக்குள் சேர்ந்துவிடுங்கள்.

அடுத்து வரும் வாசல்களுக்கு, நாம் அ, ஆ, இ என்று பெயரிடுவதைப்போல, இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் பெயர். 'இ' வாசலிலும் 'ரோ' வாசலிலும் பெரிதாக நிற்க வேண்டாம். 'ரோ' வாசலைத் தாண்டியதும் ஏறும் சரிவில் மெதுவாக நடங்கள். இருபக்கமும் வெள்ளை மதில், அதில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் என்று துளைகள். நீள்சதுரத் துளை அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. கோட்டையில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஆயிரம். துளை உட்பக்கம் அகன்றும் வெளிப்பக்கம் குறுகியும் இருக்கும். உள்ளே இருப்பவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்குச் சிறு புள்ளிதான் குறி. நடப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து குறிவைக்கப்படுகிறார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாருங்கள், சரிவின் வடிவம் ஏன் இப்படி என்பது விளங்கிவிடும்.

'ஹா' வாசலுக்குள் நுழைந்ததும் கோபுரம் முன்னால் இருக்கும் என்று தோன்றும். ஆனால் பாதை முழுவதும் பின்னோக்கித் திரும்பி 'நி' வாசலுக்குப் போகிறது. முதல்முறை வருபவர்கள் இங்கேதான் வழி தவறிவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறார்கள், படையெடுத்து வருகிறவனும் அப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். 'நி' வாசலுக்குள் கூரை தாழ்ந்து, வழி வளைந்து செல்கிறது. ஈட்டி தூக்கியவன் நிமிர முடியாது. மேலே பலகை இடுக்கு வழியாக அவனைத் தாக்கலாம்.

அடுத்தது 'ஹோ' வாசல், இரும்புத் தகடு போர்த்திய சின்னஞ்சிறு கதவு. உயரமானவர்கள் குனிந்து போங்கள். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு மதில் மட்டும் வெள்ளையாக இல்லாமல் மண்நிறத்தில் இருக்கும். களிமண்ணையும் சரளையையும் அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டியாக்கிய சுவர் அது. அருகிலேயே கல்சுவரில் கம்பிவலை போட்டுப் பாதுகாத்த உடைந்த திருகைக்கல் ஒன்று உண்டு. ஹிதேயோஷி கோட்டை கட்டக் கல்லுக்குத் திண்டாடியபோது ஓர் ஏழைக் கிழவி தன் திருகையைக் கொடுத்ததாகக் கதை. கதை எப்படியோ, கல் தட்டுப்பாடு உண்மை. கல்சுவர்களில் பழைய கல்சவப்பெட்டிகளும் விளக்குத் தூண்களும் அடுக்கியிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

இதன்பிறகு கோபுரத்துக்குப் போகும் பாதை கீழ்நோக்கி இறங்குகிறது. ஏறினால்தான் கோபுரம் என்று நினைக்கும் எதிரியைக் குழப்ப இன்னொரு வழி. நடக்கும்போது சரளையும் வழவழப்பான கல்லும் மாறி மாறி வரும், மழை நாளில் இந்த இறக்கத்தில்தான் அதிகம் வழுக்கும்.

கோபுரத்துக்குள்

வெளியிலிருந்து ஐந்து அடுக்காகத் தெரியும் கோபுரம் உள்ளே நிலவறையோடு ஏழு தளம். கோபுரம் மட்டும் 31.5 மீட்டர், அது நிற்கும் கல்பீடம் ஏறக்குறைய 15 மீட்டர். ஒரு பெருங்கோபுரமும் மூன்று சிறுகோபுரங்களும் மூடிய இடைவழிகளால் இணைந்திருக்கின்றன. பார்வையாளர்கள் ஏறுவது பெருங்கோபுரத்தில்.

நிலவறையில் பழைய கழிப்பறையும் நீர்த்தொட்டியும் இருக்கின்றன. முற்றுகை வந்தால் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்க ஏற்பாடு. முதலிரு தளங்களில் சுவர் நெடுகிலும் ஆயுதம் மாட்டும் மரக்கொக்கிகள். துப்பாக்கியும் ஈட்டியும் தொங்கிய இடம் அது. மூன்றாம் தளத்தில் மூலைகளில் வீரர் ஒளிந்திருக்கும் சிற்றறைகளைத் தேடுங்கள். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும் தளங்களில் அவற்றை எட்ட மரமேடைகள் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாத் தளங்களிலும் கண்ணில்படுபவை இரண்டு பெருந்தூண்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, நிலவறையிலிருந்து ஆறாம் தளத்தின் அடிவரை நீளும். அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவு. மொத்தப் பாரமும் இவற்றின்மேல்தான். மேற்குத் தூண் உளுத்துப்போனதால் 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் கோபுரத்தை முழுதாகப் பிரித்து, அந்தத் தூணை மாற்றினார்கள். அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் வாய்க்காததால் இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தளத்தில் நின்று பொருத்தைப் பாருங்கள், தச்சரின் கைவண்ணம் தெரியும்.

மேலே போகப்போகத் தளம் சுருங்கும், படி செங்குத்தாகும், உத்தரம் தாழும். தலையில் இடித்துக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் விபத்து. ஏறும்போது எளிதாக இருக்கும், இறங்கும்போதுதான் கால் நடுங்கும். கைப்பிடியை விடாமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். படியில் நின்று போட்டோ எடுக்கவே வேண்டாம், பின்னால் வரிசை நிற்கும்.

ஆறாம் தளத்தில் ஒசகபே தெய்வத்தின் சிறு கோயில் இருக்கிறது. தெற்கு ஜன்னலில் நீங்கள் நடந்துவந்த சாலை ஸ்டேஷன்வரை நேர்கோடாகத் தெரியும். கீழ்க்கூரையின் முனைகளில் புலித்தலையும் மீனுடலும் கொண்ட ஷாச்சி உருவங்களை இங்கிருந்துதான் அருகில் பார்க்க முடியும். தீயிலிருந்து காக்கும் என்று வைத்தவை. சுவர்களைச் சுண்ணாம்பில் முழுக்காட்டியதும் தீக்கு அஞ்சித்தான். சுண்ணாம்போடு சிப்பிச் சாம்பல், சணல் நார், கடற்பாசிக் கஞ்சி கலந்த பூச்சு அது. கூரை ஓடுகளின் மூட்டுகளிலும் அதைப் பூசியிருப்பதால்தான் கோபுரம் தொலைவிலிருந்து முழு வெள்ளையாகத் தெரிகிறது.

திரும்பும் வழியில்

இறங்கி வெளியே வந்தால் பிசென்மாரு முற்றம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க இதுவே மிக நெருக்கமான இடம். பரந்த கோணம் இல்லாத கேமராவில் முழுக் கோபுரமும் அடங்காது, முற்றத்தின் தெற்கு ஓரத்துக்குப் போய் எடுங்கள். கீழே இறங்கும்போது ஒகிகு கிணறு. பத்துத் தட்டில் ஒன்று காணவில்லை என்று பழிசுமத்தி ஒகிகு என்ற வேலைக்காரியைக் கொன்று போட்டதாகவும், அவள் ஆவி இரவில் ஒன்பதுவரை எண்ணுவதாகவும் சொல்லும் கதைக்குரிய கிணறு.

ஹிஷி வாசலுக்குத் திரும்பியதும் வெளியேறிவிடாதீர்கள். மேற்கு வளாகம் டிக்கெட்டுக்குள் அடங்கியது. இஎயாசுவின் பேத்தி சென்ஹிமே, முதல் கணவன் தொயோதோமி ஹிதேயோரியை 1615இல் ஒசாகா வீழ்ச்சியில் இழந்தபின் ஹோண்டா தததோகியை மணந்து இங்கே வாழ்ந்தாள். மதில்மேல் நீளும் நெடுங்கூடத்தில் அவளுடைய பணிப்பெண்கள் தங்கிய அறைகள் வரிசையாக இருக்கின்றன. கோடியில் அவள் ஓய்வெடுத்த ஒப்பனை மாடம். இங்கும் காலணி கழற்ற வேண்டும். முற்றத்தில் இறங்கி நின்றால் பெருங்கோபுரமும் சிறுகோபுரங்களும் சேர்ந்து தெரியும். போட்டோவுக்கு இந்தக் கோணம்தான் எங்கள் முதல் தேர்வு.

சாப்பாடும் மீதி நேரமும்

கோகோ-என் தோட்டம் கோட்டையின் மேற்கே, சாமுராய் வீடுகள் இருந்த இடத்தில் 1992இல் திறந்தது. ஒன்பது தோட்டங்கள், தேநீர்க் குடில் ஒன்று. நவம்பர் பிற்பகுதியில் மேப்பிள் இலை சிவக்கும்போது கூட்டு டிக்கெட் மிகவும் பயன்படும்.

ஹிமேஜியின் பெயர்பெற்ற உணவு, இஞ்சி கலந்த சோயா சாஸ் ஊற்றிய ஓடென் என்னும் குழம்பில் வேகவைத்த பண்டம். சைவர்கள் கவனிக்க: அதில் காய்கறியும் தோஃபுவும் மட்டும் எடுத்தாலும் குழம்பு மீனில் வைத்தது. ஊதோன், சோபா எனும் நூடுல்ஸ் கடைகளிலும் அதே சிக்கல். ஓதேமாஏ சாலைப் பக்கத்துக் காபிக் கடைகளில் கிடைக்கும் பாதாம் வெண்ணெய் டோஸ்ட் உள்ளூர்ப் பண்டம், சைவர்களுக்கும் தோதானது. பழம், பிஸ்கட் என்று கையில் கொஞ்சம் வைத்திருங்கள், சன்னோமாரு மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். கோபுரத்துக்குள் எதையும் தின்னக் கூடாது.

பிற்பகல் மீதமிருந்தால் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம் போய், ரோப்வேயில் ஷோஷா மலை ஏறி எங்யோஜி கோயிலைப் பார்க்கலாம். கோட்டையை 12 மணிக்குள் முடித்தவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும். மலைமேல் நடக்க வேண்டிய தூரம் அதிகம், ரோப்வேயும் மாலையில் நின்றுவிடும். ஏறும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.